கூட்டத்தில் கிறுக்குகிறவர்

கிறுக்கர் என்றதும் கையில் கல்லோடு தெருவில் ஓடும் ஆசாமியை நீங்கள் நினைத்திருந்தால், மன்னிக்க வேண்டும், அவர் வேறு இனம். இங்கே பேசப்போகும் கிறுக்கர் குளிரூட்டிய அறையில், நீள மேசையின் கடைசி நாற்காலிக்கு முந்தின நாற்காலியில், கழுத்தில் அடையாள அட்டையோடு, உலகத்திலேயே பொறுப்பான மனிதரைப் போல உட்கார்ந்திருப்பார். தலை லேசாகக் குனிந்திருக்கும். பேனா ஓடிக்கொண்டிருக்கும். பேசுகிற அதிகாரிக்கு அதைப் பார்த்து நெஞ்சு நிறையும்: நம் சொல் ஒன்றுகூட வீணாகாமல் ஏட்டில் ஏறுகிறதே! பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும், ஏட்டில் ஏறிக்கொண்டிருப்பது ஒரு தென்னைமரம் என்று.

இவர்களில் பல பிரிவு உண்டு. கட்டம் போடுகிறவர் கட்டத்தின் மேல் கட்டம் அடுக்கி, கூட்டம் முடிவதற்குள் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டி முடித்துவிடுவார். கண் வரைகிறவர் ஒரு கண்தான் வரைவார். இரண்டாவது கண் எந்தக் கூட்டத்திலும் இதுவரை வந்ததில்லை. தன் கையெழுத்தையே நாற்பது முறை போட்டுப் பார்க்கிறவர், என்றைக்கோ வரப்போகும் பதவிக்கு ஒத்திகை பார்க்கிறார். என்ன வரைகிறீர்கள் என்று மட்டும் இவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். "சும்மா" என்பார்கள். அதுதான் உண்மையும்கூட.

இருதயராஜ் மீன் பிரிவைச் சேர்ந்தவர்.

ஊர் மணப்பாடு, கடற்கரை, ஆகவே மீன் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அவருடைய அப்பா பள்ளிக்கூட குமாஸ்தா. மீன் வரைவது எளிது, அவ்வளவுதான்; இரண்டு வளைவு, ஒரு வால், ஒரு புள்ளி. பிறகு செதில். செதில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், மேலாளர் பேசுகிற வரைக்கும். இருதயராஜுக்கு வயது முப்பத்தெட்டு. ஹைதராபாத்துக்கு வந்து ஏழு வருஷம். ஏ.எஸ்.ராவ் நகரில் மூன்றாவது மாடியில் வீடு. மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. இரண்டுக்கும் நடுவே கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அமெரிக்காவில் டிராக்டர்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்துக்காக இவருடைய குழு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒன்பது கூட்டம். ஆக, வருஷத்துக்கு எத்தனை மீன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இருதயராஜ் ஓவியர் அல்ல. அவர் மகள் ஷெரின் யூ.கே.ஜி.யில் வரைந்த மீன் அவருடையதைவிட நன்றாக இருந்தது. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. மூச்சு விடுகிறவன் மூச்சைப் பற்றிப் பெருமைப்படுகிறானா?

2008 ஜூன் மாதத்தில் ஒரு நாள், மேலாளர் வேணுகோபால் திரையில் அடுத்த மூன்று மாதத் திட்டத்தை விளக்கிக்கொண்டே அறையைச் சுற்றி நடந்தார். பொதுவாக அவர் நடக்கிறவர் அல்ல. அன்றைக்கு நடந்தார். இருதயராஜின் நாற்காலிக்குப் பின்னால் வந்ததும் அவருடைய குரல் நின்றது. பிறகு தொடர்ந்தது. கூட்டம் முடிந்ததும் தன் அறைக்கு வரச் சொன்னார்.

வேணுகோபாலின் தாத்தாவுக்கு அப்பா வெள்ளைக்காரர் காலத்தில் செகந்திராபாத் கண்டோன்மென்ட்டுக்கு வந்தவர். குடும்பம் மாரெட்பள்ளியில் வேரூன்றிவிட்டது. தமிழ் அப்படியே இருந்தது; அதைச் சுற்றி ஊர் உருது முளைத்திருந்தது.

"உக்காருங்க இருதயராஜ். நான் அங்க தொண்டை கிழிய பிளான் சொல்லிட்டிருக்கேன், நீங்க மீன் வரையறீங்க. கைக்கு?"

‘கைக்கு’ என்றால் அந்த ஊர் உருதுவில் ‘எதற்கு’ என்று பொருள். இருதயராஜுக்கு அது தெரியும். ஆனால் பயந்தவன் காதில் தாய்மொழிதான் விழும்.

"கைக்குத்தான் சார். மனசு உங்ககிட்டதான் இருந்துச்சு."

இதை வேணுகோபால் திமிர் என்று எடுத்துக்கொண்டார். உண்மை அநேகமாக அப்படித்தான் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

"இனிமே நக்கோ, வேண்டாம். மீட்டிங்ல உங்களுக்குப் பேனா நக்கோ, பேப்பர் நக்கோ. கை ரெண்டும் மேஜை மேல இருக்கணும். இன்னொரு தடவை பாத்தேன்னா உங்க பேர்ல புகார் மேலிடத்துக்குப் போயிடும், சொல்லிட்டேன்."

அடுத்த கூட்டத்திலிருந்து இருதயராஜ், வகுப்புப் புகைப்படத்துக்கு உட்கார்ந்தவரைப் போல இரண்டு கையையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். அப்படி ஒரு கவனமான முகத்தை அந்தக் கம்பெனி அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை. மேற்கூரையில் தொண்ணூற்றாறு சதுரப் பலகை இருப்பதை எண்ணினார். காஸ் சிலிண்டர் பதிவு செய்தோமா என்று யோசித்தார். அங்கிருந்து மனம் கிளம்பி எங்கெங்கோ போய்ச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தது. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை அவருடைய மேசைமேல் ஒரு சிவப்புத் தொப்பியும் ஒரு விசிலும் இருந்தன. கட்டடத்தின் தீ விபத்துப் பயிற்சிக் குழுவுக்குத் தலைவராக, போன கூட்டத்தில் அவர்தான் முழு மனதோடு தலையசைத்து ஒப்புக்கொண்டாராம்.

"இப்பப் பாருங்க, எவ்வளவு கவனம்!" என்றார் வேணுகோபால், மிகவும் சந்தோஷமாக.

அன்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கிய இருதயராஜ், ஏ.எஸ்.ராவ் நகர் கடைத்தெருவில் உள்ளங்கை அளவு டைரி ஒன்று வாங்கினார். மறுநாளிலிருந்து இடது கை மேசைமேல், வலது கை மேசைக்கடியில், டைரி தொடைமேல். பார்க்காமலேயே வரைந்தார். மீன் எந்த விதத்திலும் மோசமாகவில்லை. மேலே தேதி மட்டும் போடுவார், அது பழக்கதோஷம்.

2009 பிப்ரவரியில் டிராக்டர்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். வாடகைக்கு எடுத்துவிட்டுத் திருப்பித் தராதவர்களின் பட்டியல் ஒன்றை மென்பொருள் காட்ட வேண்டும், அதை ஜனவரிக்குள் தருவதாக ஆகஸ்ட் மாதத் தொலைபேசிக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டீர்கள், தரவில்லை, ஒப்பந்தத்தை ரத்து செய்யப்போகிறோம் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் இந்தப் பக்கம் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேரும் விழித்துக்கொண்டிருந்ததாகச் சத்தியம் செய்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. கூட்டக் குறிப்பை எடுத்துப் பார்த்தால், "பட்டியல் பற்றிப் பேசப்பட்டது. செய்யப்படும்" என்று இருந்தது. எப்போது தருவது என்றும் இல்லை, எந்தத் தேதிக் கூட்டம் என்றும் இல்லை. அந்த ஒற்றை வரியைத்தான் டிராக்டர்காரர்கள் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

குறிப்பு எழுதியவள் அஸ்வினி. ஆகஸ்டில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் பணி நிரந்தரமாகவில்லை. கம்பெனிகள் ஆள் குறைத்துக்கொண்டிருந்த அந்தப் பருவம் எப்படிப்பட்டது என்று அப்போது அந்த ஊரில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று மனிதவளத் துறையிலிருந்து யாராவது கேட்டால், ஆள் இழுப்பறையைக் காலி செய்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். மேலே இருப்பவர்களுக்குப் பழியைப் போட ஒரு பெயர் தேவைப்பட்டது. வேணுகோபால் வெள்ளிக்கிழமைக்குள் தருவதாகச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அஸ்வினி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். காகிதக் கோப்பை நசுங்கியிருந்தது.

"சத்தியமா ஞாபகம் இல்ல சார்" என்றாள், இருதயராஜ் ஒன்றும் கேட்காமலேயே. "அவங்க பேசின எல்லாத்தையும் எழுதிட்டேதான் இருந்தேன். எழுதுற அவசரத்துல எதையும் கேக்கல."

வீட்டுக்கு வந்ததும் இருதயராஜ் டைரியைப் புரட்டினார். ஆகஸ்ட் இருபத்தொன்று. பக்கம் முழுக்க மீன்கள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஸ்டெல்லா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னத்த அப்படி முழிச்சிப் பாக்கீய? மீனு எந்திரிச்சி ஓடப்போவுதா?"

"இந்த வாலு போடும்போதுதான் அந்த டிராக்டர் கம்பெனி கேரலம்மா சொன்னாவ, ஸ்டெல்லா. அறுவடை நேரத்துல புதுசா ஒண்ணும் வேண்டாம், அந்தப் பட்டியல மே மாசம் குடுத்தாப் போதும்னு. அப்படியே காதுல கேக்கு."

"அப்பம் நாளைக்குப் போயிச் சொல்லுங்க. இதுல என்ன யோசனை?"

"எப்படித் தெரியும்னு கேப்பாரு. நோட்டக் காட்டணும். பேனாவத் தொடாதன்னு சொன்னதுக்குப் பெறவு வரைஞ்சது இது. இப்பம் இருக்கிற நெலமைல என் வேலையும் சேந்து போயிரும்."

ஸ்டெல்லா கீரைத்தண்டை ஒடித்தாள். "அந்தப் பிள்ளைய அனுப்பிட்டா, அதுக்கப்புறம் உங்களுக்கு மீனு வரையக் கை வருமாக்கும்?"

அன்றைக்கு இருதயராஜ் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் டைரியைச் சட்டைப்பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். வியாழன் காலை பத்து மணிக்கு வேணுகோபாலின் அறைக்குப் போய், அதை விரித்து மேசைமேல் வைத்தார்.

வேணுகோபால் தேதியைப் பார்த்தார். மீன்களைப் பார்த்தார். காது சிவந்தது.

"நான் நக்கோன்னு சொன்னது ஜூன்ல. இது ஆகஸ்ட்."

"ஆமா சார். அதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க. ஆனா அதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க." ஒரு மீன்மேல் விரலை வைத்துச் சொன்னார்: "மே மாசம்னு கேரல் மேடம் அவங்க வாயாலயே சொன்னாங்க. போன் ரெக்கார்டிங் இருக்கும்ல சார்?"

"ஹவ், இருக்கு. ஆகஸ்ட் மாசத்துக்கு மட்டும் அறுபது மணி நேரம் இருக்கு. யார் உக்காந்து கேக்கறது?"

"இருபத்தொண்ணாம் தேதி. ஒரு மீனுக்கு எனக்கு ஏழு நிமிஷம் ஆகும் சார். இது எட்டாவது மீன். வால்."

வேணுகோபால் பொறியியல் படித்தவர். பெருக்காமல் இருக்க முடியவில்லை. அதற்கு முன் முடிந்த மீன் ஏழு, ஆக நாற்பத்தொன்பது. ஒலிப்பதிவைத் தேடியெடுத்து நாற்பத்தெட்டாவது நிமிஷத்திலிருந்து ஓடவிட்டார். ஐம்பதாவது நிமிஷத்தில் கேரல் என்ற அம்மையார், அறுவடை முடியட்டும், மே மாதம் போதும் என்று மிகத் தெளிவாக, ஒரு சிரிப்போடு சொன்னார்.

வேணுகோபால் டைரியைத் தன் பக்கம் இழுத்து, ஏதோ ஒரு மீன்மேல் விரலை வைத்தார்.

"இது?"

"அதுல நீங்க தும்மினீங்க சார். மூணு தடவை."

ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்று தடவை.

"இந்தக் குட்டி மீன்?"

"அது வேண்டாம் சார். அது நீங்க போனை மியூட்ல போட்டுட்டு மேலதிகாரியைப் பத்திச் சொன்னது."

வேணுகோபால் டைரியை மூடினார். "போதும்" என்றார். பிறகு, கிட்டத்தட்ட அடங்கின குரலில், "எப்படிய்யா?" என்று கேட்டார்.

"தெரியல சார். கை சும்மா இருந்தா மனசு எங்கயாவது போயிருது. கைக்கு ஒரு வேலையக் குடுத்துட்டா அதுவும் கூடவே உக்காந்துக்குது. வீட்டு வாசல்ல சின்னப் பிள்ளை விளையாடிட்டிருந்தா அம்மா உள்ள நிம்மதியா வேலை செய்வாங்கல்ல, அந்த மாதிரி."

மனதைப் பற்றி ஆராய்கிறவர்கள் இதையே நாற்பது பக்கத்தில், அட்டவணையோடு எழுதுவார்கள்.

ஒப்பந்தம் பிழைத்தது. அஸ்வினி பிழைத்தாள், ஏப்ரலில் பணி நிரந்தரமானாள், மறுவாரமே டைரி ஒன்று வாங்கி ஏணிப்படிகள் வரையத் தொடங்கினாள். இத்தோடு விட்டிருந்தால் இருதயராஜும் பிழைத்திருப்பார். ஆனால் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது என்று தெரிந்தால் அதை ஒரு திட்டமாக மாற்றாமல் எந்தக் கம்பெனிக்காவது தூக்கம் வருமா?

மனிதவளத் துறையின் அனுபமா உற்சாகமான பெண். கிறுக்குவதால் கவனம் கூடும், ஞாபகம் பதியும், பதற்றம் குறையும், புது யோசனைகள் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வரும் என்று எங்கெங்கோ படித்து இருபத்திரண்டு திரைப்பக்கங்கள் தயாரித்தாள். அவ்வளவும் உண்மை, அதுதான் சங்கடம். எல்லோருக்கும் கெட்டி அட்டை நோட்டு வந்தது. முதல் பக்கத்தில் "சுதந்திரமாகக் கிறுக்குங்கள்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, அதற்குக் கீழே ஊழியர் எண், பிரிவு, மேலாளர் கையொப்பம் ஆகியவற்றுக்குக் கோடு போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை சுதந்திரம். நான்கு மணிக்குள் நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நோட்டுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். இருபது வருஷமாகக் கட்டம் போட்டு வந்த சுப்பிரமணியம் என்ற மூத்த பொறியாளருக்கு இரண்டுதான் கிடைத்தது. "கட்டத்துக்கு வெளியே யோசிக்கவும்" என்று சிவப்பு மையில் குறிப்பும் கிடைத்தது. அவர் அதற்கப்புறம் காற்றில் விரலால்கூடக் கோடு போடவில்லை.

இந்தத் திட்டத்துக்குப் பயிற்றுநர் யார் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம்.

முதல் வெள்ளிக்கிழமை, முப்பது பேர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருதயராஜின் வலது கையைப் பார்த்தார்கள். அவர் வெள்ளைப் பலகைக்கு முன்னால் பேனாவைத் திறந்தார். ஒரு வளைவு போட வேண்டும், அவ்வளவுதான். மேலிருந்தா, கீழிருந்தா? வால் முதலிலா, தலை முதலிலா? இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. கை அசையவில்லை.

"வரைங்க இருதயராஜ்! கைக்கு பயம்?" என்று முதல் வரிசையிலிருந்து வேணுகோபால் அன்போடு ஊக்கப்படுத்தினார்.

ஒன்று வரைந்தார். அது கத்தரிக்காய் மாதிரி இருந்தது. எல்லோரும் கைதட்டி, கத்தரிக்காயை நோட்டில் இறக்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவரால் எங்கேயும் கிறுக்க முடியவில்லை. கூட்டத்தில் பேனாவை எடுத்தால் பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். மேசைக்கடியில் ஒளித்துச் செய்யவும் வழியில்லை. தடையே இல்லாத காரியத்தை எதற்கு ஒளித்துச் செய்வது? பழையபடி கூரைப் பலகைகளை எண்ணினார். ஸ்டெல்லா கடைக்குச் சொல்லியனுப்பும் நாலு சாமானில் இரண்டு மறந்தது. பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போனார். ஒரு மாலை, "ஸ்டெல்லா, எனக்கு மூள மழுங்கிட்டு வருதுன்னு நெனக்கேன்" என்றார். அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குக் கலக்கமாக இருந்தது.

ஐந்தாவது மாதம் அனுபமா வேறு கம்பெனிக்குப் போனாள். அடுத்து வந்தவருக்குச் சிரிப்புப் பயிற்சியில் நம்பிக்கை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் வட்டமாக நின்று சிரித்தார்கள். நோட்டுகள் அலமாரிக்குள் போயின. இருதயராஜின் கை மட்டும் திரும்பி வரவில்லை.

அது திரும்பி வந்த இடம், மாரெட்பள்ளியில் ஷெரின் படித்த பள்ளிக்கூடம். அப்போது அவள் ஆறாம் வகுப்பு. சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கம் விடாமல் ஓரத்தில் பூனை வரைந்திருக்கிறாள் என்று பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். துணைத் தலைமையாசிரியை கிரிஜா மேடத்தின் மேசைக்கு இந்தப் பக்கம் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"ஏம்மா இப்படிச் செய்யுத?" என்று மெதுவாகக் கேட்டார் இருதயராஜ்.

"போர் கொடுத்துந்தி, டாடி" என்றாள் அவள் தெலுங்கில். வகுப்பு அலுக்கிறதாம்.

கிரிஜா மேடம் இருதயராஜின் கையில் ஒரு புகார்க் கடிதத்தையும் பேனாவையும் கொடுத்து, "நான் சொல்லி முடிச்சதும் கீழே கையெழுத்துப் போடுங்க" என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். ஒழுக்கம் என்றால் என்ன, கவனம் என்றால் என்ன, புத்தகம் சரஸ்வதி என்பது என்ன, 1987இல் புத்தகத்தில் கிறுக்கிய ஒரு மாணவன் இன்று என்ன ஆனான். கால் மணி நேரம் ஆனது. அரை மணி நேரம் ஆனது. அவர் நல்ல பேச்சாளர். நிறுத்துகிற இடம் எல்லாவற்றிலும் நிறுத்தாமல் போகத் தெரிந்தவர்.

திடீரென்று நிறுத்தினார்.

கடிதத்தின் ஓரத்தில் நான்கு மீன்கள் இருந்தன. ஐந்தாவதுக்குச் செதில் போடப்பட்டுக்கொண்டிருந்தது. ஷெரின் கடிதத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த ஆளை இப்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கிறவளைப் போல.

"மிஸ்டர் இருதயராஜ்" என்றார் கிரிஜா மேடம், ஆறாம் வகுப்பிடம் கேட்கும் அதே குரலில். "நான் இப்ப என்ன சொன்னேன்?"

இருதயராஜ் எழுந்து நின்றார். நிற்கச் சொல்லவில்லை, தானாக நின்றார். சொன்னார். ஒழுக்கத்திலிருந்து தொடங்கி, கவனம், சரஸ்வதி என்று வரிசையாகச் சொல்லி, 1987ஆம் வருஷத்து மாணவனின் பெயர் வேங்கடேஸ்வர்லு, அவன் இப்போது உப்பலில் டயர் கடை வைத்திருக்கிறான், இதை மேடம் இரண்டு முறை சொன்னார்கள், முதல் முறை டயர் கடை, இரண்டாம் முறை பேட்டரி கடை என்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்தது. மூளை மழுங்கவில்லை.

கிரிஜா மேடத்தின் பேச்சை இந்த முப்பது வருஷத்தில் ஒருவரும் இப்படி முழுசாகக் கேட்டதில்லை.

"கையெழுத்துப் போடுங்க" என்றார் கடைசியில். "மீனுக்குக் கீழ இடம் இருக்கு." பிறகு ஷெரினைப் பார்த்து, "நோட்டோட கடைசிப் பக்கத்துல மட்டும். புத்தகத்துல கூடாது" என்றார்.

ஆட்டோவில் வரும்போது ஷெரின் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அவருடைய உள்ளங்கையில் ஒரு பூனை வரைந்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இருதயராஜின் கதை இவ்வளவுதான். கதை என்பதால் நீங்கள் நிம்மதியாகப் புன்னகைத்திருப்பீர்கள். நமக்கென்ன, நாம் கூட்டத்தில் ஒழுங்காகக் கை கட்டி உட்காருகிறவர்கள். நல்லது. தொலைபேசியில் மைத்துனர் நீளமாகப் பேசியபோது கையில் கிடைத்த மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். திருமணப் பத்திரிகை உறையில் அந்தச் சுருள்களைப் போட்டது யார் என்று வீட்டில் விசாரிக்கவும் வேண்டாம். இப்போது பேனாவை மட்டும் மெதுவாகக் கீழே வையுங்கள். இந்தப் பக்கம் அச்சகத்திலிருந்து கிளம்பும்போது, தலைப்பில் இருக்கும் ககரங்களின் வயிறெல்லாம் மை படாமல் காலியாகத்தான் இருந்தது.